ஐஸ் விழவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்



மாசி பாதி கழிந்ததுமே ஓமலூரில் வெயில் உறைக்கத் தொடங்கிவிடுகிறது. சித்திரையில் சேலம் சதம் அடித்தது என்று நாளிதழ்கள் எழுதுவதற்கு முன்பே, வீடுகளில் எலுமிச்சைச் சாறுக்கும் மோருக்கும் ஐஸ் தேடும் கைகள் ஃப்ரிட்ஜைத் திறக்கின்றன. அந்த நேரத்தில்தான் பலருக்கும் தெரிகிறது, ஐஸ் மேக்கர் வேலை செய்யவில்லை என்று. இந்த மாதம் நமக்கு வந்த கடிதங்களில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தாரமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "தானாகவே ஐஸ் விழும் என்று சொல்லித்தான் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். ஆறு மாதம் விழுந்தது. பிறகு சின்னச் சின்னதாக, உள்ளே கூடாக விழுந்தது. இப்போது சுத்தமாக நின்றுவிட்டது. பார்க்க வந்தவர் ஐஸ் மேக்கரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?"

அவசரப்பட்டு மாற்றாதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று இந்தப் பக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் சேலம், நாமக்கல் சமவெளியில் ஐஸ் மேக்கர் கெட்டுப்போவதற்கான காரணம் பெரும்பாலும் ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதில்லை. மொட்டை மாடித் தொட்டியிலும் அதில் ஏறுகிற தண்ணீரிலும் இருக்கிறது.

ஐஸ் மேக்கர் வேலை செய்யும் விதம் அவ்வளவு சிக்கலானது இல்லை. ஃப்ரிட்ஜின் பின்புறம், தரையை ஒட்டினாற்போல் ஒரு சின்ன மின்வால்வு இருக்கும். மெஷினுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அந்த வால்வு சில நொடிகள் மட்டும் திறந்து மூடும். அதற்குள் ஏறக்குறைய 100 முதல் 140 மில்லி தண்ணீர் மெல்லிய குழாய் வழியாக மேலே ஏறி, ஃப்ரீசரில் இருக்கும் அச்சில் விழும். அச்சின் சூடு பூஜ்யத்துக்குக் கீழே 8, 9 டிகிரி வரை இறங்கியதும், அதில் பொருத்தியிருக்கும் உணர்கருவி ஐஸ் உறைந்துவிட்டது என்று முடிவு செய்யும். உலோக அச்சாக இருந்தால் அடியில் உள்ள ஹீட்டர் ஒரு நிமிடம் சூடாகி, ஐஸின் பிடியைத் தளர்த்தும். மோட்டார் சுற்றி, ஐஸ் கீழே உள்ள பெட்டியில் விழும். பிளாஸ்டிக் அச்சாக இருந்தால் மோட்டார் அச்சையே முறுக்கி ஐஸை உதிர்த்துவிடும். பெட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கம்பி அல்லது கை இருக்கும். அது மேலே தூக்கியபடி நின்றால் மெஷின் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எவ்வளவு தண்ணீர் வந்தது என்று மெஷின் பெரும்பாலும் அளந்து பார்ப்பதில்லை. வால்வு திறந்திருந்த நொடிகளைத்தான் கணக்கில் வைத்துக்கொள்கிறது. குழாயில் வேகம் இருந்தால் அச்சு நிறையும். வேகம் இல்லாவிட்டால் அரைகுறையாக நின்றுவிடும். தாரமங்கலத்து வாசகியின் ஃப்ரிட்ஜில் ஐஸ் சின்னதாக, கூடாக விழுந்ததற்குக் காரணம் இதுதான். மெஷின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. தண்ணீர்தான் போதவில்லை.

தண்ணீர் ஏன் போதவில்லை? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் நம் ஊருக்கே உரியவை.

முதல் காரணம் அழுத்தம். இந்த வகை ஃப்ரிட்ஜுகள் முதலில் அமெரிக்க வீடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே நகராட்சிக் குழாயிலேயே தண்ணீர் நல்ல அழுத்தத்தோடு வரும். பெரும்பாலான வால்வுகள் சரியாக வேலை செய்யக் குறைந்தது 20 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். பிளம்பர்கள் பேச்சில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். அப்படியானால் 20 பிஎஸ்ஐக்குத் தொட்டி 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அது நாலு மாடி உயரம். ஓமலூரில் ஒரே தளம் உள்ள வீட்டில், மொட்டை மாடியில் நாலடி மேடை கட்டித் தொட்டி வைத்திருந்தால் வால்வுக்குக் கிடைப்பது அரைக் கிலோ. மாடிக்கு மேல் மாடி என்றாலும் முக்கால் கிலோ, ஒரு கிலோவைத் தாண்டுவது கடினம்.

அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைவாக வரும் என்பதோடு இது நிற்பதில்லை. இந்த வால்வுக்குள் ஒரு ரப்பர் தகடு இருக்கிறது. தண்ணீரின் அழுத்தமே அந்தத் தகட்டை அமுக்கி இறுக மூட உதவுகிறது. அழுத்தம் போதாவிட்டால் தகடு அரைகுறையாகத்தான் உட்காரும். வால்வு மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தச் சொட்டு ஃப்ரீசருக்குள் நுழையும் குழாயின் வாயிலேயே உறைந்துவிடும். நாளடைவில் குழாய் முழுக்க அடைத்துக்கொள்ளும். அதோடு ஐஸ் நின்றுவிடும். அப்போது பார்க்க வருகிறவர் குழாய் உறைந்திருப்பதைப் பார்த்து, ஐஸ் மேக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டினால், புது மெஷின் போட்டாலும் இரண்டு மாதத்தில் அதே கதைதான்.

இதற்குத் தீர்வு எளிது. ஆர்.ஓ. இயந்திரங்களில் வைக்கிறார்களே, அதே மாதிரியான சிறிய பம்ப் ஒன்றை ஃப்ரிட்ஜுக்குப் போகும் குழாயில் சேர்த்துவிட வேண்டும். வால்வு திறக்கும்போது மட்டும் ஓடி, மூடியதும் தானே நின்றுவிடும்படி அழுத்த சுவிட்சும் சேர்த்துப் போட வேண்டும். எவ்வளவு அழுத்தம் வேண்டும், எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஃப்ரிட்ஜோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் பிளம்பரிடம் காட்டுங்கள். சுவரில் மாட்டும் ஆர்.ஓ. தொட்டியிலிருந்து ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கும் இந்தப் பம்ப் கட்டாயம் வேண்டும். அந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் வெறுமனே வழிந்துதான் வரும். அதில் அழுத்தம் கிடையாது.

இரண்டாவது காரணம் உப்பு. சேலத்திலிருந்து ஓமலூர் வரும்போது கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும் மேடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் மக்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் அது. எஃகு உலைகளின் உள்சுவருக்கு வேண்டிய செங்கல் செய்யப் பயன்படுவது. அதைத் தோண்டி எடுக்கத்தான் 1979இல் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தை அரசு தொடங்கியது. இந்த மண்ணில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருப்பதால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமாக இருக்கிறது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேக நேரம் பிடிக்கும், குளியலறைக் குழாயில் வெள்ளைப் படலம் ஏறும். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம்மூரில் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு இந்த எண்ணைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறைய.

காவிரித் தண்ணீர் வரும் நாட்களில் இந்தத் தொல்லை குறைவு. மேட்டூரிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர் போர் தண்ணீரைவிட மென்மையானது. ஆனால் வீடுகளில் இரண்டையும் ஒரே தொட்டியில்தான் ஏற்றுகிறோம். குழாயில் நல்ல தண்ணீர் வராத நாட்களில் மோட்டாரைப் போட்டு உப்புத் தண்ணீரை நிரப்புகிறோம். ஃப்ரிட்ஜுக்கு இரண்டும் கலந்துதான் போகிறது.

இந்த உப்பு எங்கே போய் அடைக்கிறது? ஓமலூரில் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜின் மின்வால்வைக் கழற்றிப் பார்த்தபோது நானும் உடன் இருந்தேன். கழற்றிய மெக்கானிக் இளைஞர், ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு குளிர்பதனப் பிரிவில் படித்தவர். முதலில் ப்ளக்கைப் பிடுங்கினார். பிறகு தண்ணீர்க் குழாயின் வால்வை மூடினார். பின்பக்கத் தகட்டின் ஸ்குரூக்களைக் கழற்றி, கீழே ஒரு பேசின் வைத்து, வால்வின் நுழைவாயிலை எடுத்தார். அங்கே கடுகளவு ஓட்டைகள் கொண்ட ஒரு சிறிய வலை. வலையே தெரியவில்லை. மேலே வெள்ளையாக, காய்ந்த சுண்ணாம்பு போல ஒரு ஏடு படிந்திருந்தது. வீட்டுக்கார அம்மாவிடம், "அக்கா, ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா குடுங்க" என்றார். பாதியை அறுத்து இரண்டு சொட்டு விட்டதும் அந்த ஏடு மெல்ல நுரைத்தது. "மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க்கா. உங்க தண்ணிதான் இங்க வந்து குடியிருக்கு" என்றார். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, கழுவி, திரும்பப் போட்டார். மறுநாள் காலையில் அந்த வீட்டில் ஐஸ் விழுந்தது.

இந்த வேலையை நீங்களும் செய்யலாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், அது ரப்பரைத் தின்றுவிடும். வலையை ஊசியால் குத்தாதீர்கள். கிழிந்தால் உள்ளே போகும் மணல் துணுக்கு தகட்டில் சிக்கி வால்வே மூடாது. சுத்தம் செய்த பிறகும் வால்வு சொட்டினால் தயங்காமல் வால்வை மட்டும் மாற்றுங்கள். முழு ஐஸ் மேக்கர் விலையில் அது ஒரு சிறு பங்குதான் ஆகும்.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரிவதில்லை. ஃப்ரிட்ஜுக்குள்ளேயோ பின்புறமோ மாட்டியிருக்கும் ஃபில்டர் கரி ஃபில்டர். குளோரின் வாசனையையும் கசடையும் அது பிடிக்கும், கடினத்தன்மையைப் பிடிக்காது. ஃபில்டர் மாற்றிவிட்டோமே, இனி உப்பு வராது என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நம் தண்ணீருக்கு அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஐஸ் முழு அளவில் விழுந்தால் ஃபில்டர்தான் தடை என்று தெரிந்துவிடும். சில மாடல்களில் ஃபில்டருக்குப் பதிலாக ஒரு மூடி போட்டால்தான் தண்ணீர் போகும், அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் வெள்ளையாகக் கலங்கி இருப்பதும், டம்ளரில் கரைந்த பிறகு அடியில் வெள்ளைத் துகள் தங்குவதும் இதே தண்ணீரின் வேலைதான். தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும்போது, கரைந்திருக்கும் உப்பையும் காற்றையும் நடுவே தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் உறையும் நடுப்பகுதியில் அவை தங்கிவிடுகின்றன. குழந்தைக்கு ஐஸ் போட்டுக் கொடுக்கும் பாலில் ஏதோ மிதக்கிறது என்று பயந்து எழுதிய தாய்க்கும் இதையே சொல்கிறேன். அது விஷமில்லை, சுண்ணாம்புதான். ஆனாலும் குடிக்கத் தகுந்த தண்ணீரில்தான் ஐஸ் போட வேண்டும்.

நல்ல தண்ணீரின் ஐஸுக்கு ஒரு காலத்தில் உலகமே விலை கொடுத்தது. சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842இல் ஐஸ் வைக்கக் கட்டப்பட்டது. பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் பனிக்காலத்தில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார். கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது 1833இல். மாதக்கணக்கில் கடலில் வந்தும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்ததாலேயே அதற்கு மவுசு. அந்த ஏரிகளில் ஒன்றின் கரையில் குடியிருந்த எழுத்தாளர் தோரோ, தன் ஏரித் தண்ணீர் சென்னை வரை போய்ச் சேர்வதை 1854இல் வெளிவந்த தன் நூலில் வியந்து எழுதியிருக்கிறார். பிறகு இயந்திர ஐஸ் வந்து அந்த வியாபாரம் முடிந்துபோனது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். தண்ணீரில் குறையில்லை என்று உறுதியான பிறகு மற்றவற்றைப் பார்க்கலாம். நிறுத்தக் கம்பி மேலே தூக்கியிருக்கிறதா, ஐஸ் மேக்கர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃப்ரீசரில் கறியும் மீனும் அடுக்கும்போது கை பட்டு அந்தக் கம்பி தூக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். மைனஸ் 10க்கு மேலே போய்விட்டால் அச்சு போதிய குளிருக்கு இறங்காது, மெஷின் காத்துக்கொண்டே இருக்கும். கதவு ரப்பரின் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அங்கே வெப்பக் காற்று நுழைகிறது. வெந்நீரில் நனைத்த துணியால் ரப்பரைத் துடைத்து, மடிப்புகளை நிமிர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும்.

பெட்டியில் ஐஸ் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகி இருந்தால், மின்சாரம் போய் வந்ததில் கரைந்து மறுபடி உறைந்ததாக இருக்கும். வாரக்கணக்கில் எடுக்காமல் விட்டாலும் அப்படி ஆகும். மொத்தமாகக் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஐஸில் வாசனை வந்தால் மெஷினைக் குறை சொல்லாமல், மூடாமல் வைத்த கருவாட்டையும் புளித்த மாவையும் தேடுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. அது உறைய நேரம் கூடத்தான் ஆகும், அது பழுது இல்லை.

குழாய் வாய் உறைந்திருந்தால் ஃப்ரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்துவைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்து எடுங்கள். முடி உலர்த்தும் கருவியையும் குறைந்த சூட்டில் பிடிக்கலாம், ஆனால் தரையிலும் கையிலும் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். எது சரி செய்தாலும் ஒரு முழு நாள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். முதலில் விழும் இரண்டு மூன்று ஈடு ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் ஐஸ் விழவில்லை, ஃப்ரீசரின் பின்சுவர் முழுக்கப் பனி ஏறியிருக்கிறது, மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பனி உருக்கும் ஹீட்டரோ, அதன் சென்சாரோ, ஃபேனோ போயிருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

நம்மூரில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்தான். அந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஃப்ரீசருக்குள் ஐஸ் டிரே ஒட்டிக்கொண்டால் கத்தியையோ ஸ்குரூ டிரைவரையோ வைத்துக் குத்திப் பெயர்க்காதீர்கள். அந்த ஃப்ரீசரின் அலுமினியச் சுவருக்குள்தான் கேஸ் ஓடுகிறது. ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் கேஸ் முழுதும் போய்விடும். ஓட்டையை அடைத்து மறுபடி கேஸ் ஏற்றுவதற்கு ஆகும் செலவில் எத்தனையோ டிரே வாங்கலாம். அதோடு, இப்போது வரும் ஃப்ரிட்ஜுகளில் பெரும்பாலும் இருப்பது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் உறவு அது, தீப்பிடிக்கும். ஒரு ஃப்ரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம்தான் என்றாலும், மூடிய சமையலறையில் அடுப்பு எரியும்போது அது கசிவது ஆபத்து. புஸ்ஸென்று சத்தம் கேட்டால் அடுப்பை அணையுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். கேஸ் சம்பந்தப்பட்ட எந்த வேலையையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கம்ப்ரசர் அருகே மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படம் ஒட்டியிருந்தால், வருகிற மெக்கானிக்கிடம் அதை முதலில் காட்டுங்கள்.

டிரே ஒட்டாமல் இருக்க ஒரே வழி, பனி கால் அங்குலம் ஏறுவதற்குள் தெர்மோஸ்டாட் நடுவில் இருக்கும் டீஃப்ராஸ்ட் பொத்தானை அமுக்கிவிடுவதுதான். இரவு படுக்கப் போகும்போது அமுக்கிவிட்டால் காலையில் உருகியிருக்கும். முறுக்கினால் ஐஸ் உதிரும் டிரே வைத்திருப்பவர்கள், தண்ணீரை விளிம்பு வரை ஊற்ற வேண்டாம். கட்டிகள் ஒன்றாகச் சேர்ந்து உறைந்துவிடும், முறுக்கும்போது பல்சக்கரம் உடையும்.

ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்குங்க, தண்ணியைச் சரி பண்ணுங்க" என்று சொல்லிப் போனால், அவர் பொருள் எதுவும் விற்கவில்லையே என்று கூலி கொடுக்கத் தயங்குகிறோம். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. சில ஆயிரம் ரூபாயை நமக்கு மிச்சப்படுத்தியவர் அவர்தான். அவர் நேரத்துக்கும் படிப்புக்கும் உரிய கூலியைச் சிரித்த முகத்தோடு கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டந்தோறும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறது. நம் மாவட்டத்துக்குச் சேலத்தில் இருக்கிறது. உங்கள் போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய், கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வரும் தாளில் மொத்தக் கடினத்தன்மை என்ற வரியைப் பாருங்கள். 200க்குள் இருந்தால் கவலை வேண்டாம். அதற்கு மேலே எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்கு ஓர் அஞ்சலட்டையில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். எந்தெந்த ஊரில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரு பட்டியலாகவே வெளியிடலாம். சித்திரை பிறப்பதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்